கீட்ஸின் தாழியும் நொய்யற் கரையும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

கிரேக்கத் தாழி ஒன்றை நோக்கி ஜான் கீட்ஸ் 1819-ஆம் ஆண்டில் பாடிய பாட்டைப் பற்றி மாணவர்களாகிய நம்மிடையே ஒரு வாய்பாடு வழங்கி வருகிறது. ‘வாழ்க்கை அழியும், கலை அழியாது’ என்பதே அது. கடைகளில் விற்கும் வழிகாட்டி நூல்களில் இது கொட்டை எழுத்தில் அச்சாகியிருக்கும். தேர்வுக்கு முதல் நாள் இரவு இதை உருப்போட்டு, மறுநாள் விடைத்தாளில் இறக்கி வைத்துவிட்டு வந்தால் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் நிச்சயம். பாட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு அன்றோடு அறுந்துவிடுகிறது.

இவ்வாய்பாடு பிழை என்று நான் சொல்ல வரவில்லை. பாதிதான் சரி என்கிறேன். மீதிப் பாதியைப் பாட்டே சொல்கிறது. நாம்தாம் அந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள ஏதென்ஸ் வரை போக வேண்டியதில்லை, நொய்யற் கரை வரை போனால் போதும் என்பது என் கட்சி.

‘வேதியியல் படிக்கிறவனுக்குக் கீட்ஸோடு என்னப்பா வேலை?’ என்று விடுதி நண்பர்கள் கேட்கிறார்கள். கீட்ஸே ஒரு மருத்துவ மாணவர்தாம் என்று அவர்களுக்கு விடை சொல்லி வருகிறேன். லண்டனில் வாடகைக் குதிரை லாயம் நடத்தியவரின் மகன் அவர். எட்டு வயதில் தந்தையை இழந்தார். பதினான்கு வயதில் தாயையும் இழந்தார். மருந்து கூட்டும் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகி, 1815-இல் கய்ஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்து, 1816-இல் தொழில் நடத்த உரிமமும் பெற்றார். அதன் பின்னரே கவிதைதான் தம் வழி என்று துணிந்தார். பல்கலைக்கழகப் படி ஏறியவர் அல்லர். கிரேக்க மொழியும் அறியாதவர். ஹோமரின் காவியத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு, அந்த வியப்பு அடங்குமுன் 1816-இல் ஒரு பாட்டே பாடிவிட்டவர். 1818-இல் எடின்பரோவின் பெரிய இதழ் ஒன்று, மருந்துக் கடைக்கே திரும்பிப் போ என்னும் பொருள்பட அவரை எள்ளி எழுதியது.

இதை ஏன் இவ்வளவு விரிக்கிறேன்? நம்மில் பெரும்பாலோர் கிராமத்துப் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்று வந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆங்கிலக் கவிதை என்பது கான்வென்டில் படித்தவர்களின் குடும்பச் சொத்து, நமக்கு அதில் பாத்தியதை இல்லை என்ற எண்ணம் நம் நெஞ்சில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஹோமரை மொழிபெயர்ப்பில் படித்து, கிரேக்கத்தைக் கண்ணால் காணாமலே கிரேக்கத் தாழியைப் பாடியவர் கீட்ஸ். அவர் பாட்டைத் தமிழில் யோசித்துத் தமிழில் விளங்கிக்கொள்வதில் நமக்கு என்ன இழுக்கு?

இனிப் பாட்டுக்கு வருவோம். தாழியின் மேல் சில காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. மரத்தடியில் ஓர் இளைஞன் குழல் ஊதுகிறான். அவன் ஊதும் பண் நம் காதில் விழுவதில்லை. ஒரு காதலன் காதலியை நெருங்கிவிட்டான். முத்தமிட ஒரு கணமே பாக்கி. அந்த ஒரு கணம் என்றைக்கும் வராது. ஆனால் அவள் அழகும் என்றைக்கும் வாடாது. மரங்களும் இலை உதிர்க்கமாட்டா. வழிகாட்டி நூல்கள் இங்கேயே முகாம் அடித்துவிடுகின்றன.

இக்காட்சியைப் புரிந்துகொள்ள நமக்குக் கற்பனைகூட வேண்டியதில்லை. பேரூருக்கு நகரப் பேருந்தில் போய்ப் பட்டீசுவரர் கோயில் கனகசபையில் நின்றால் போதும். திருமலை நாயக்கரின் தம்பி அளகாத்ரி நாயக்கர் பதினேழாம் நூற்றாண்டில் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் மண்டபம் அது. அங்கே ஊர்த்துவ தாண்டவ மூர்த்தி தூக்கிய திருவடி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கீழே இறங்கவில்லை. யானையை உரித்த பெருமானின் வேகமும் பாதியில் நிற்கிறது. கல்லில் ஒரு நொடியைக் கட்டிப் போட்டிருக்கிறான் சிற்பி. கீட்ஸ் வியந்தது இந்தக் கட்டிப் போடும் வித்தையைத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பேரூர்ச் சிற்பத்தின் முன் அன்றாடம் விளக்கு எரிகிறது, பூ வாடுகிறது, மறுநாள் புதுப் பூ வருகிறது. நின்றுபோன நொடியைச் சுற்றி மனிதர்களின் காலம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கீட்ஸின் தாழியைச் சுற்றியோ யாரும் இல்லை. அவர் ஒருவர் மட்டுமே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

‘தாழி’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கலசம், ஜாடி, கலயம், பானை என்று ஆளுக்கொரு சொல்லால் நாம் இதைத் தமிழாக்குகிறோம். கீட்ஸ் பாடியது மண் பாண்டத்தை அன்று. அவர் பாட்டே அதைச் சலவைக்கல் என்று குறிக்கிறது. 1817-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்த கிரேக்கச் சிற்பங்கள், படநூல்களில் கண்ட கலசங்கள் எல்லாம் அவர் மனத்தில் ஒன்றாய்க் கூடி அமைந்த கற்பனைக் கலம் அது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள சோசிபியோஸ் கலசத்தை அவர் படியெடுத்து வரைந்ததாகக் கருதப்படும் ஓவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஆகவே கலசம் என்பதே பொருத்தம் என்று தமிழ் படிக்கும் நண்பர் ஒருவர் வாதிட்டார். எனக்குத் தாழியே பிடித்திருக்கிறது. கீட்ஸ் ஆண்ட ஆங்கிலச் சொல்லுக்கு இறந்தவர் சாம்பலை வைக்கும் கலம் என்ற நிழலும் உண்டு. நம் மொழியில் அந்த நிழல் விழும் சொல் தாழி ஒன்றுதான்.

நம் தாழிகளுக்குப் படமும் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லின் போய்ச் சேர்ந்த கதை பலர் அறிந்தது. அதே இடத்தில் 2004-இல் மத்தியத் தொல்லியல் துறை நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளை வெளிப்படுத்தியபோது ஓர் ஓடு கிடைத்தது. அதன் மேல் ஒரு பெண், ஒரு மான், ஒரு முதலை, ஒரு கொக்கு ஆகியவை புடைப்பாக ஒட்டப்பட்டிருக்கின்றன. அவள் யார்? மானும் முதலையும் ஏன் அவளருகே? கீட்ஸ் தம் தாழியிடம் கேட்ட அதே கேள்விகள்! அவருக்குப் பதில் வரவில்லை. நமக்கும் வரவில்லை.

இப்போது நம் பக்கத்துக்குத் திரும்புகிறேன். பாட்டின் நான்காம் பகுதிதான் என் கட்சிக்கு ஆதாரம். தாழியின் மறுபுறத்தில், பூமாலை சூட்டிய ஓர் இளம் பசுவைப் பூசாரி பலிபீடத்துக்கு ஓட்டிச் செல்கிறார். ஊர் முழுதும் பின்னால் திரண்டு போகிறது. தாழியில் இருப்பது அவ்வளவே. கீட்ஸ் இங்கே ஒன்று செய்கிறார். தாழியில் இல்லாத ஊரை நினைத்துப் பார்க்கிறார். இவர்கள் புறப்பட்டு வந்த சிற்றூர் எங்கோ ஓர் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ மலையடியிலோ இருக்கவேண்டும் அல்லவா? எல்லோரும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் தாழியின் மேல் நின்றுவிட்டார்கள். இனி அவர்கள் வீடு திரும்ப முடியாது. அந்தத் தெருக்கள் என்றென்றைக்கும் வெறிச்சோடிக் கிடக்கும். ஊர் ஏன் வெறுமையாயிற்று என்று சொல்ல ஒருவரும் மிஞ்சமாட்டார்.

ஐயா, இது கலையின் வெற்றியா? காதலனின் முத்தத்தை வாடாமல் வைத்த அதே வித்தைதான் ஓர் ஊரைக் குடியில்லாமல் ஆக்கியிருக்கிறது. அழியாமைக்கு ஒரு விலை உண்டு என்று கீட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். ஊர் திரும்பாதவர்களின் வேதனை கவிஞருக்கு உறைக்கிறது, தாழிக்கு உறைப்பதில்லை. வழிகாட்டி நூல் இந்தப் பகுதியை இரண்டே வரியில் தாண்டிவிடுகிறது.

அப்படிப்பட்ட ஊர் ஒன்று நம் நொய்யற் கரையில் இருக்கிறது. சென்னிமலைக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணல்தான் அது. பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் அணிகலனுக்குப் பேர்போன கொடுமணம் என்று குறிப்பது இவ்வூரையே என்பது அறிஞர் முடிபு. 1985-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய அகழாய்வு, 2012, 2013 ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தாராலும், பின்னர் மாநிலத் தொல்லியல் துறையினராலும் தொடர்ந்தது. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், சூதுபவளமும் பளிங்கும் பச்சைக்கல்லும் நீலமும் அறுத்து மணி செய்த பட்டறைகள், செய்து முடித்த மணிகள், துளை போடும் முன்னரே கைவிட்ட மணிகள் எல்லாம் அங்கே கிடைத்துள்ளன. துளை போடாத மணியை நினைத்தால் எனக்கு முத்தத்துக்கு முந்தைய அந்தக் கணம்தான் நினைவுக்கு வருகிறது. (பச்சைக்கல் கிடைத்த இடம் காங்கயத்தை அடுத்த படியூர். கீட்ஸ் இப்பாட்டைப் பாடிய அதே 1819-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூரில் பச்சைக்கல் தோண்டிக்கொண்டிருந்தார் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.)

இவ்வளவு வேலை நடந்த ஊர் ஒருநாள் ஓய்ந்தது. இன்றும் கொடுமணல் என்ற பெயரில் ஊர் உண்டு. ஆனால் அந்தப் பட்டறைக்காரர்களின் தெரு மண்ணுக்குள் இருக்கிறது. ஏன் போனார்கள், எங்கே போனார்கள் என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. கீட்ஸ் கற்பனையில் கண்ட ஊர் இதுவே என்று சொன்னால் மிகையாகுமோ?

இருந்தாலும் கொடுமணல் ஒரு விதத்தில் கிரேக்கத் தாழியை வென்றுவிட்டது. தாழி ஊமை. கொடுமணல் பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கான ஓடுகள். கண்ணன் ஆதன், பண்ணன், சம்பன் சுமணன் என்று ஆள் பெயர்கள். அரசர் வெட்டிய கல்வெட்டு அன்று. சோறு உண்ட பாத்திரத்தில் ஆணியால் கீறியது போன்ற கிறுக்கல். என் தட்டை நீ எடுக்காதே என்பதற்காக நாம் விடுதியில் தட்டின் அடியில் பெயர் வெட்டி வைக்கிறோமே, அந்த வேலை! யாருக்கும் நிலைத்த புகழ் வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு தொலையாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அந்தப் பெயர்களே இரண்டாயிரம் ஆண்டு கடந்து வந்திருக்கின்றன. கீட்ஸோ 1821 பிப்ரவரி 23-இல் ரோம் நகரில் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. தம் கல்லறையில் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அப்படியே பெயரின்றி அமைத்தார்கள். அழியாமையைப் பாடிய கவிஞர் தம் பெயரை வேண்டாம் என்றார். அழியாமையை நினைத்தும் பாராத சம்பன் சுமணன் பெயர் நிற்கிறது. காலத்தின் கணக்கு நம் கணக்கோடு ஒத்துப்போவதில்லை.

நம் பழம்புலவர்களும் தாழியைப் பாடியிருக்கிறார்கள் என்பதை ஆங்கில இலக்கிய மாணவர்கள் அறிய வேண்டும். புறநானூற்றில் ஐயூர் முடவனார் கிள்ளிவளவன் இறந்தபோது பாடியது 228-ஆம் பாட்டு. 256-ஆம் பாட்டு பெயர் தெரியாத ஒருவருடையது. கணவனை இழந்த பெண் ஒருத்தி பேசுவது. இரண்டிலும் பேச்சு தாழியோடு அன்று, தாழி வனையும் குயவரோடு. முன்னவர், இவ்வளவு பெரிய மன்னனுக்கு எவ்வளவு பெரிய தாழி செய்வாய் என்று குயவருக்காக இரங்குகிறார். பின்னவள், தன்னையும் சேர்த்து வைக்கும்படி வாய் அகலமாக வனைந்து தரக் கேட்கிறாள். கீட்ஸ் கண்ட தாழியைச் செய்தவன் யார் என்ற கேள்வியே அவர் பாட்டில் எழவில்லை. மருந்து கலந்து பழகிய கையை உடையவர் அதைக் கேட்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு சின்னக் குறை. நம் பாட்டிலோ சக்கரம் இன்னும் சுற்றுகிறது, களிமண் ஈரமாய் இருக்கிறது, செய்பவரின் முகம் தெரிகிறது. கலை காலத்தை வெல்லுமா என்ற வினா அந்தப் பெண்ணுக்கு இல்லை. அவளுக்கு வேண்டியது இடம்.

இப்பாட்டின் கருத்தை ஒருநாள் என் தாயாருக்குச் சொன்னேன். அவர் எழுதப் படிக்க அறியாதவர். கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, பேசாத பானையப் பாத்தா இத்தன பாட்டுப் பாடுனாரு? தட்டிப் பாத்தா சத்தம் வரோணும். வரலைன்னா அது கீறல் உட்ட பானை” என்றார். சந்தையில் பானை வாங்கும் எவரும் விரலால் தட்டி, காது வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். நான் சிரித்தேன். பிறகு யோசித்தபோது அதில் ஒரு திறனாய்வு இருப்பதாகப் பட்டது. நம் வாழ்வில் பானை காலத்தை நிறுத்துவதற்கு இல்லை. காலத்தை எண்ணுவதற்கு இருக்கிறது. தைப் பொங்கலுக்குப் புதுப்பானை. நம் கொங்குக் கல்யாணத்தில் கோலம் எழுதிய அரசாணிப் பானை. கடைசியில் சுடுகாட்டில் தோளில் சுமந்து, துளையிட்டு, உடைக்கும் கொள்ளிக்குடம். ஒவ்வொன்றும் அதற்குரிய நாளில் வந்து, அதற்குரிய நாளில் போகிறது. உடைவதனால் அரசாணிப் பானையின் அழகு குறைவுடையது என்று எந்த வழிகாட்டி நூலும் எனக்கு நிறுவிக் காட்ட முடியாது.

கடைசி இரண்டு அடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஆங்கிலப் பேராசிரியர்கள் என்னை விடமாட்டார்கள். அழகையும் உண்மையையும் ஒன்றாக்கி, இது தெரிந்தால் போதும் என்று முடியும் அந்த இடம் பெரிய சண்டைக்களம். டி. எஸ். எலியட் 1929-இல், அழகிய பாட்டுக்கு அது ஒரு மறு என்றார். தமக்குப் புரியவில்லை அல்லது அது பொய் என்றும் சொன்னார். சண்டைக்குக் காரணம் ஒரு சின்ன அச்சுக் குறி. 1820-இன் தொடக்கத்தில் ஒரு கலை இதழில் பாட்டு வந்தபோது மேற்கோள் குறி இல்லை. அதே ஆண்டு நூலாக வந்தபோது முதல் ஐந்து சொற்களுக்கு மட்டும் மேற்கோள் குறி. அப்படியானால் எதுவரை தாழி பேசுகிறது, எங்கிருந்து கவிஞர் பேசுகிறார்?

என் துணிபு, அது முழுதும் தாழியின் கூற்று என்பதே. தாழி அப்படிப் பேசலாம்; அதற்குப் பசி இல்லை, மூப்பு இல்லை, அடக்கம் செய்யத் தம்பி இல்லை. கீட்ஸுக்கு இருந்தான். தம்பி டாம் காசநோயில் படுத்தபோது பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் அவர். 1818 டிசம்பர் முதல் நாள் தம்பி போய்விட்டான். மறு ஆண்டே இப்பாட்டு. அந்த அண்ணன், அழகும் உண்மையும் ஒன்றே, வேறொன்றும் அறிய வேண்டியதில்லை என்று தம் சொந்த வாயால் சொல்லியிருப்பாரா? எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஈய நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்துச் சூடாக்கி ஆறவிட்டால் பொன்மழை பொழியும். அதைப் போல அழகான காட்சி வேறில்லை. வாயில் பட்டால் நஞ்சு. இரண்டும் உண்மை, அழகு அவற்றுள் ஒன்றை மட்டுமே நமக்குச் சொல்லும். இதை மருந்து படித்த கீட்ஸ் அறியாமலா இருந்திருப்பார்?

நொய்யலையே பாருங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர்ச் சிற்பங்களைத் தொட்டுக்கொண்டு, ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்த வெள்ளலூர் வழியாக ஓடி, திருப்பூரைக் கடந்து கொடுமணலுக்குப் போகிறது. இடையில் சாயக் கழிவு கலந்து நாளொரு நிறமாய் ஓடியதும், 2011-இல் சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டி வந்ததும் நாம் கண்டவை. பாலத்தின் மேல் நின்று பார்த்தவனுக்கு அந்த நிறமும் அழகாகத் தோன்றியிருக்கக் கூடும்.

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் சுற்றுலா என்றால் ஊட்டிதான். ஊட்டியின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வரும் ஆண்டு ஆங்கிலத் துறை, தமிழ்த் துறை, வரலாற்றுத் துறை மூன்றும் கூடி ஒரு நாள், ஒரே ஒரு நாள், காலையில் பேரூர், மாலையில் கொடுமணல் என்று வகுத்துக்கொள்ள வேண்டுகிறேன். வேதியியல் துறையிலிருந்தும் நாலு பேர் ஒட்டிக்கொள்கிறோம்; உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாய் ஒரே பானையில் இரண்டு நிறம் வரவழைக்கக் காற்றை எப்படி மறித்துச் சுட்டான், இரும்புச் சத்து எங்கே சிவந்தது என்று விளக்கும் வேலையை நாங்கள் ஏற்போம். கொடுமணலில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இராது. காட்டுக்குள் ஈமச் சின்னக் கற்கள் சில நிற்கும், வெயில் இருக்கும். குடிதண்ணீர் கையில் கொண்டு போக வேண்டும். அந்தக் கற்களுக்கிடையே நின்று, ஆங்கிலம் நன்றாக வாசிக்கத் தெரிந்த யாராவது நான்காம் பகுதியை மட்டும் உரக்க வாசிக்கட்டும். அர்த்தத்தைத் தமிழில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.